ஜன்னல் மேல் லிண்டலுக்கு எவ்வளவு சுமை வருகிறது: அளவெடுப்பதிலிருந்து கம்பி முடிவு செய்வது வரை

சுவரில் ஜன்னலுக்கோ கதவுக்கோ இடம் விட்டால், அந்த இடத்துக்கு மேலே நிற்கும் கட்டின் எடையை இருபுறச் சுவருக்கும் கொண்டு சேர்ப்பது லிண்டல். அதன் மேல் விழும் சுமை ஒரு சமபக்க முக்கோண வடிவச் சுவரின் எடை மட்டுமே என்ற விதியைப் பாலிடெக்னிக்கில் படித்தவர் அனைவரும் அறிவார்கள். விதி சரியானது, ஆனால் அது சில நிபந்தனைகளோடு வரும் விதி. சேலத்தில் இன்று கட்டப்படும் 10 அடி உயர ஒட்டுத்தள (கான்கிரீட் கூரை) வீடுகளில் பெரும்பாலான ஜன்னல்களுக்கு அந்த நிபந்தனைகள் நிறைவேறுவதில்லை என்பதைக் கணக்குப் போட்டே காட்ட விரும்புகிறேன். இந்தக் கணக்கு, வீட்டுக்காரரும் மேஸ்திரியும் இளம் பொறியாளரும் சுமை எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்வதற்காக எழுதப்பட்டது. கட்டுமான வரைபடத்தில் கையெழுத்திடும் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்குக்கு இது மாற்று அல்ல.

எடுத்துக்காட்டாக, அஸ்தம்பட்டி பக்கம் கட்டப்படும் ஒரு தரைத்தள வீட்டின் படுக்கையறையைக் கொள்வோம். அறை உள் அளவு 3.0 மீட்டருக்கு 4.2 மீட்டர். சுவர் 230 மி.மீ. செங்கல் சுவர். நீளச் சுவரின் நடுவில் 1.8 மீட்டர், அதாவது 6 அடி அகல ஜன்னல். லிண்டலின் அடிமட்டம் 2.1 மீட்டரில், கூரைத் தளத்தின் அடிமட்டம் 3.0 மீட்டரில். வெளியே 60 செ.மீ. சன்ஷேடு. மாடியில் 90 செ.மீ. உயரக் கைப்பிடிச் சுவர். லிண்டல் வழக்கப்படி 6 அங்குல ஆழம், அதாவது 150 மி.மீ.

முதல் படி: அளவுகள்

ஜன்னல் அகலத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. லிண்டலின் மேல்மட்டத்திலிருந்து தளத்தின் அடிமட்டம் வரை எவ்வளவு சுவர் நிற்கிறது, ஜன்னலின் இருபுறமும் அடுத்த கதவோ மூலையோ வரும் வரை எவ்வளவு சுவர் இருக்கிறது, தளத்தின் எடை எந்த அகலம் வரை இந்தச் சுவருக்கு வருகிறது, தளத்துக்கு மேல் கைப்பிடிச் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ உண்டா, உட்புறத்தில் லிண்டல் மட்டத்தில் பரண் நீட்டப் போகிறார்களா என்பவற்றையும் குறிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் லிண்டலுக்கு மேல் நிற்கும் சுவர் 3.0 கழித்தல் 2.25, அதாவது 0.75 மீட்டர். இந்த ஒரு எண்தான் கணக்கின் போக்கை முடிவு செய்யப் போகிறது.

சுமையை கிலோ நியூட்டனில் சொல்வோம். ஒரு கிலோ நியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோ எடை.

இரண்டாம் படி: எஃபெக்டிவ் ஸ்பான்

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 படி, இருமுனையிலும் வெறுமனே தாங்கி நிற்கும் உத்தரத்துக்கு, திறப்பின் அகலத்தோடு எஃபெக்டிவ் ஆழத்தை (மேல்முகத்திலிருந்து கீழ்க்கம்பியின் மையம் வரை) கூட்டிய அளவு, இருபுறத் தாங்கல்களின் மையத்துக்கு மையம் உள்ள தூரம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே எஃபெக்டிவ் ஸ்பான், அதாவது கணக்குக்கு எடுக்கும் நீளம். 150 மி.மீ. லிண்டலில் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) 25, ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) 8, கம்பியின் பாதி 5 மி.மீ. கழித்தால் எஃபெக்டிவ் ஆழம் 112 மி.மீ. ஆகவே முதல் அளவு 1.91 மீட்டர். இருபுறமும் 150 மி.மீ. பேரிங் (சுவரின் மேல் அமரும் முனை) கொடுத்தால் மையத்துக்கு மையம் 1.95 மீட்டர். சிறியதான 1.91 மீட்டரை எடுத்துக்கொள்கிறோம்.

மூன்றாம் படி: முக்கோணம் முழுமையாக அமைகிறதா

நன்றாகப் பிணைத்துக் கட்டிய செங்கல் சுவர், திறப்புக்கு மேல் தானாகவே ஒரு வளைவைப் போல நின்று சுமையை இருபுறமும் தள்ளிவிடும்; வளைவுக்கு உட்பட்ட முக்கோணப் பகுதி மட்டும் லிண்டலின் மேல் அமரும். அந்த முக்கோணத்தின் அடி எஃபெக்டிவ் ஸ்பான். உயரம் அதில் 0.866 பங்கு. இது நடக்க வேண்டுமானால் முக்கோணத்தின் உச்சிக்கு மேலும் போதிய உயரத்துக்குச் சுவர் இருக்க வேண்டும். பொதுவாக ஸ்பானைப் போல 1.25 மடங்கு உயரம் வரை தளமோ வேறு திறப்போ குறுக்கிடக் கூடாது. வளைவு பக்கவாட்டில் தள்ளுகிற விசையைத் தாங்க இருபுறமும் ஸ்பானில் பாதிக்குக் குறையாத அகலத்தில் சுவர் இருக்க வேண்டும். மூலையிலிருந்து ஓரடி தள்ளி ஜன்னல் வைத்தாலோ, கதவையும் ஜன்னலையும் ஒரு செங்கல் தூண் மட்டும் விட்டு அருகருகே வைத்தாலோ, வளைவுக்கு ஊன்ற இடம் இல்லை.

நம் ஜன்னலுக்கு முக்கோணத்தின் உயரம் 1.91 பெருக்கல் 0.866, அதாவது 1.65 மீட்டர். மேலே இருக்கும் சுவரோ 0.75 மீட்டர். முக்கோணம் பாதி உயரத்தைக்கூட எட்டுமுன் தளம் வந்து குறுக்கிட்டுவிடுகிறது. 0.75 மீட்டர் சுவருக்குள் முழு முக்கோணம் அடங்க வேண்டுமானால் ஸ்பான் 0.87 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதாவது உச்சி தளத்தைத் தாண்டாமல் நிற்பது 75 செ.மீ. குளியலறைக் கதவுக்கு மட்டும்தான்; அங்கும் உச்சிக்கு மேல் ஒரு செங்கல் வரிகூட மிச்சமில்லை. படுக்கையறைக் கதவு, கூடத்து ஜன்னல், கடையின் ஷட்டர் எல்லாவற்றுக்கும் தளத்தின் எடை லிண்டலுக்கு இறங்குகிறது. 3 மீட்டர் அகல ஷட்டருக்கு மேல் வருவதை லிண்டல் என்று அழைத்தாலும், அதை முழு உத்தரமாகவே கணக்கிட வேண்டும்.

நான்காம் படி: சுமைகளைத் தனித்தனியே கூட்டுதல்

செங்கல் கட்டுக்கு ஒரு கன மீட்டருக்கு 19 கிலோ நியூட்டன், கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு 25, சிமெண்ட் பூச்சுக்கு 20 என்று எடுத்துக்கொள்வோம். 230 மி.மீ. சுவர், இருபுறமும் சேர்த்து 27 மி.மீ. பூச்சு எனில், ஒரு சதுர மீட்டர் சுவர் 4.9 கிலோ நியூட்டன். 0.75 மீட்டர் உயரத்துக்கு, லிண்டலின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 3.7. லிண்டலின் சொந்த எடை 0.23 பெருக்கல் 0.15 பெருக்கல் 25, அதாவது 0.9.

தளத்துக்கு வருவோம். 125 மி.மீ. தளம் 3.1, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட சுருக்கித் தளமும் அதன்மேல் தட்டோடும் சேர்த்து 2.0, அடிப்பூச்சு 0.25, ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்குச் சுமைகளுக்கான தரநிலை ஐஎஸ் 875 சொல்லும் நடமாட்டச் சுமை 1.5. மொத்தம் சதுர மீட்டருக்கு 6.9 கிலோ நியூட்டன். சேலத்து வெயிலுக்காகப் பலரும் சுருக்கியைத் தடிமனாகப் போடச் சொல்கிறார்கள். கூடுதலாகப் போடும் ஒவ்வோர் அங்குலமும் சதுர மீட்டருக்கு அரை கிலோ நியூட்டன் சேர்க்கிறது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்தத் தளம் நான்கு சுவரிலும் தாங்கும் இருவழித் தளம். மூலைகளிலிருந்து 45 பாகையில் கோடுகள் வரைந்து பார்த்தால், நீளச் சுவரின் நடுப்பகுதிக்கு அறையின் குறுகிய அகலத்தில் பாதி முழுவதுமாக வருகிறது. மூலைகளை நெருங்கும்போது குறைகிறது. தளத்தின் மொத்த எடையைச் சுவர் நீளத்தால் வகுத்துச் சராசரி எடுப்பது தவறாவது இங்கேதான், ஏனென்றால் ஜன்னலை நாம் வைப்பது சுமை மிக அதிகமாக இருக்கும் நடுவிடத்தில். பாதி அகலம் 1.5, சுவர்த் தடிமன் 0.23, ஆக 1.73 மீட்டர், 6.9 ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 11.9. அரைச்செங்கல் கைப்பிடிச் சுவர் பூச்சோடு 2.5. தளத்திலிருந்து சுவருக்கு இறங்குவது ஆக 14.4.

சன்ஷேடு, பூச்சு உட்பட, 1.5; மேல் நடமாட்டச் சுமை 0.45, சேர்த்து 2.0 எனக் கொள்வோம்.

பின்னாளில் மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் கணக்கை இப்போதே அப்படிப் போட வேண்டும். வசதி வரும்போது மேல்தளம் எழுப்புவது நம் ஊர் வழக்கம். அப்போது சுருக்கிக்குப் பதில் தரை ஓடும், 1.5க்குப் பதில் 2.0 நடமாட்டச் சுமையும், கைப்பிடிக்குப் பதில் முழுச் சுவரும், அதற்கும் மேலே இன்னொரு தளமும் வரும். கீழே போட்டு முடித்த லிண்டலுக்குள் அதன் பிறகு கம்பி சேர்க்க வழியில்லை.

ஐந்தாம் படி: ஒரே ஜன்னலுக்கு மூன்று விடைகள்

முதலில், தளத்தை மறந்துவிட்டு முக்கோண விதியை இயந்திரமாகப் பயன்படுத்துவோம். முக்கோணச் சுவரின் எடை 7.7 கிலோ நியூட்டன். முக்கோணச் சுமைக்குப் பெண்டிங் மொமென்ட் (சுமை லிண்டலை வளைக்கும் அளவு) மொத்தச் சுமையை ஸ்பானால் பெருக்கி 6 ஆல் வகுப்பது, அது 2.45. சொந்த எடையும் சன்ஷேடும் சீரான சுமை என்பதால், மீட்டர் சுமையை ஸ்பானின் வர்க்கத்தால் பெருக்கி 8 ஆல் வகுக்க வேண்டும், அவை 1.3. கூட்டி, பாதுகாப்புக் காரணி 1.5 ஆல் பெருக்கினால் 5.7 கிலோ நியூட்டன் மீட்டர். இதற்கு 10 மி.மீ. கம்பி இரண்டு போதும். வழக்கமாகப் போடப்படும் கம்பியும் அதுவே.

அடுத்து, தளம் முக்கோணத்தை வெட்டும் மட்டத்தில் முக்கோணத்தின் அகலத்தைப் பார்ப்போம். அது 1.04 மீட்டர். அந்த அகலத்தில் விழும் தளச் சுமை மட்டும் லிண்டல் முழுவதும் பரவுகிறது என்று கொண்டால் மீட்டருக்கு 7.8, தலை வெட்டப்பட்ட முக்கோணச் சுவர் 2.8, சொந்த எடையும் சன்ஷேடும் சேர்த்து மொத்தம் 13.5. மொமென்ட் 1.5 காரணியோடு 9.2.

மூன்றாவதாக, வளைவையே நம்பாமல், மேலே நேராக நிற்பது எல்லாம் லிண்டலுக்கே என்று கொள்வோம். 0.9, 3.7, 14.4, 2.0, மொத்தம் 21.0. மொமென்ட் 14.4.

எம்20 (சதுர மி.மீட்டருக்கு 20 நியூட்டன் வலிமை) கான்கிரீட்டில், 500 தரக் கம்பியோடு, 230க்கு 150 அளவுள்ள லிண்டல் கீழ்க்கம்பி மட்டும் கொண்டு தாங்கக்கூடிய மொமென்ட்டின் உச்ச அளவு 0.133 பெருக்கல் 20 பெருக்கல் அகலம் பெருக்கல் எஃபெக்டிவ் ஆழத்தின் வர்க்கம், அதாவது 7.7. தளத்தை மறந்த கணக்கில் லிண்டல் தேறுகிறது. தளத்தைச் சேர்த்த இரண்டு கணக்கிலும் தேறவில்லை. இப்படிப்பட்ட லிண்டல்கள் பல உடனே விழுந்துவிடாமல் நிற்பதற்குக் காரணம், தளக் கான்கிரீட்டே திறப்பைத் தாண்டி ஓரளவு தன்னைத் தாங்கிக்கொள்வதும், சுவர் ஒத்துழைப்பதும், கணக்கிட்ட நடமாட்டச் சுமை முழுவதும் ஒரே நேரத்தில் வராததும்தான். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல்களுக்கு வெப்பமும் அஸ்திவாரமும் காரணமாகலாம். லிண்டல் தொய்வதும் ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது.

புதிதாகக் கட்டும் வீட்டுக்கு மூன்றாவது கணக்கையே நான் பரிந்துரைப்பேன். இரண்டாவது கணக்கு சொல்லும் சேமிப்பு, கொத்தனார் செங்கலை எப்படிப் பிணைத்தார், சாந்து முழுமையாக நிரம்பியதா என்பவற்றை நம்பி நிற்கிறது. தளத்துக்கும் லிண்டலுக்கும் இடையே இருக்கும் எட்டொன்பது வரிச் செங்கலிலிருந்து அவ்வளவு எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆறாம் படி: ஆழத்தைக் கூட்டி மறுகணக்கு

கம்பியை மட்டும் கூட்டுவதால் இது தீராது. கான்கிரீட்டின் ஆழமே குறைவு. 230 மி.மீ., அதாவது 9 அங்குலம் ஆக்குவோம். 12 மி.மீ. கம்பியோடு எஃபெக்டிவ் ஆழம் 191. சொந்த எடை 1.3 ஆகக் கூடுகிறது, மேலே உள்ள சுவர் 3.3 ஆகக் குறைகிறது. மொத்தம் அதே 21.0. பேரிங்கை ஏழாம் படியில் வரும் 230 மி.மீ. எனக் கொண்டால் ஸ்பான் 1.99. மொமென்ட் 15.6. தாங்கும் உச்ச அளவு 22.3 ஆக உயர்ந்துவிட்டது. மூன்று அங்குல ஆழம் கூட்டியதில் திறன் ஏறத்தாழ மூன்று மடங்கு. தேவைப்படும் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 214 சதுர மி.மீ.; இரண்டு 12 மி.மீ. கம்பி 226 தரும். ஆனால் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது.

சன்ஷேடு லிண்டலைக் கீழே அழுத்துவதோடு வெளிப்புறமாகத் திருகவும் செய்கிறது. மீட்டருக்கு 1.95 கிலோ நியூட்டன், சுவரின் நடுவிலிருந்து 0.415 மீட்டர் தள்ளி நிற்கிறது. முனையில் சேரும் முறுக்கு 1.5 காரணியோடு 1.1 கிலோ நியூட்டன் மீட்டர். ஐஎஸ் 456 முறையில் இதை மொமென்ட்டோடு சேர்த்தால் 16.9 ஆகிறது, கம்பித் தேவை 235 சதுர மி.மீ. இரண்டு 12 கம்பி தவறிவிடுகிறது. மூன்று போட வேண்டும். மேலே இரண்டு 10 மி.மீ. முறுக்கு வரும் உத்தரத்தில் ரிங்குகளின் இடைவெளிக்கு அதே ஐஎஸ் 456 வைக்கும் வரம்பு இந்த அளவுக்கு 86 மி.மீ.; ஆகவே 8 மி.மீ. ரிங்கை 3 அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டச் சொல்வேன். அரையடிக்கு ஒரு ரிங் என்ற கட்டு சன்ஷேடு இல்லாத உள்சுவர் லிண்டலுக்கு வேண்டுமானால் எண்ணிப் பார்க்கத் தக்கது. இங்கே அது போதாது. வெட்டுவிசையையும் முறுக்கையும் சேர்த்துச் சரிபார்த்தால் இந்த ரிங் தாராளமாகப் போதும்.

சென்ட்ரிங்கை எப்போது பிரிப்பது என்பதும் சுமைக் கணக்கின் ஒரு பகுதியே. சன்ஷேடு வெளிப்புறம் கவிழப் பார்க்கிறது. லிண்டலின் எடையும் மேலே உள்ள சுவரும் தளமும் அதைத் தடுக்கின்றன. சுவரின் வெளிமுகத்தை அச்சாகக் கொண்டு, விதிப்படி நிலைச்சுமைக்கு (கட்டின் சொந்த எடைக்கு) 1.2, நடமாட்டச் சுமைக்கு 1.4 என்று பெருக்கினால், கவிழ்க்கும் மொமென்ட் மீட்டருக்கு 0.73. தடுக்கும் பக்கத்தில் நிலைச்சுமையை 0.9 ஆல் பெருக்க வேண்டும். லிண்டலும் மேற்சுவரும் மட்டும் தருவது 0.48. தளம் போட்ட பிறகுதான் அது 1.44 ஆகிறது. ஆகவே மேலே சுவர் கட்டியாயிற்று என்பதற்காகச் சன்ஷேடின் முட்டுகளை எடுக்கக் கூடாது; தளம் போட்டு அது இறுகும் வரை முட்டு நிற்கட்டும். பூச்சுக்காரர் சாந்துச் சட்டியோடு ஏறி நிற்பதும் அந்த இடைக்காலத்தில்தான்.

ஏழாம் படி: பேரிங்

லிண்டலின் ஒவ்வொரு முனையிலும் இறங்கும் சுமை, காரணி இல்லாமல், 20.9 கிலோ நியூட்டன். 150 மி.மீ. பேரிங்கில் இது சதுர மி.மீட்டருக்கு 0.6 நியூட்டன் அழுத்தம். 5 நியூட்டன் வலிமையுள்ள செங்கலை 1:5 சாந்தில் கட்டிய சுவருக்குச் செங்கல் கட்டுக்கான தரநிலை ஐஎஸ் 1905 தரும் அடிப்படை அளவு 0.5. பேரிங்கை ஒரு செங்கல் நீளத்துக்கு, அதாவது 230 மி.மீ. ஆக்கினால் 0.4, அதே இடத்தில் நேராக இறங்கும் சுவரும் தளமும் ஏறத்தாழ 0.09 சேர்க்கும், வரம்புக்குள் வந்துவிடுகிறது. 230 மி.மீ. பேரிங்கில் மையத்துக்கு மையம் 2.03 மீட்டர் என்பதால், ஆறாம் படியில் எடுத்த 1.99 மீட்டரே எஃபெக்டிவ் ஸ்பானாக நிற்கிறது. செங்கலின் வலிமை தெரியாமல் இந்தப் படியை முடிக்க முடியாது; சூளையிலிருந்து வரும் லோடில் சில கல்லைச் சோதனைக்கு அனுப்புவது பெரிய செலவு அல்ல.

2016ஆம் ஆண்டின் ஐஎஸ் 1893 வரைபடத்தில் சேலம் மூன்றாம் நில அதிர்வு மண்டலத்தில் இருக்கிறது. எனவே சுமைதாங்கும் சுவர் வீடுகளில் லிண்டல் மட்டத்தில் எல்லாச் சுவரையும் சுற்றிவரும் கான்கிரீட் பட்டை தேவை. பட்டைக்குரிய கம்பி அதிர்வின்போது சுவர்களைக் கட்டிப்பிடிப்பதற்கு; திறப்புக்கு மேல் நாம் கணக்கிட்ட கம்பி அதற்கு மேல் கூடுதலாக வர வேண்டும். பட்டை ஓடுகிறதே என்று திறப்புக் கம்பியைக் குறைப்பது தவறு.

ஏற்காட்டுக் கல்சுவர்களுக்கு

சேர்வராயன் மலையில் கணக்கு தலைகீழாகிறது. கீழே சேலத்தில் சுவர் இலேசு, தளம் கனம். மலைமேல் உள்ள பழைய பங்களாக்களில் 450 மி.மீ. கருங்கல் சுவர் கனம், மங்களூர் ஓட்டுக் கூரை இலேசு. சட்டத்தோடு ஓடு சதுர மீட்டருக்கு 0.64 கிலோ நியூட்டன்தான். மரச்சட்டகத்தையும் 0.75 நடமாட்டச் சுமையையும் சேர்த்தாலும் 1.6ஐத் தாண்டாது, நம் ஒட்டுத்தளத்தின் 6.9 எங்கே, இது எங்கே. கருங்கல் சுவரோ கன மீட்டருக்கு 25 என்று கொண்டால் சதுர மீட்டருக்கு 11க்கு மேல்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒழுங்கற்ற கல்லை மண்சாந்திலோ சுண்ணாம்பிலோ கட்டிய சுவர் செங்கலைப் போல வரிவரியாகப் பிணைந்திருப்பதில்லை. அதில் முக்கோணத்தை நம்பாமல் முழு உயரத்தையும் சுமையாக எடுக்க வேண்டும். இரண்டாவது, கூரைச் சுமை சீராக வராமல் மர டிரஸ்ஸின் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டத்தின்) கால்வழியே ஓரிடத்தில் குவிந்து வருகிறது. டிரஸ்கள் 2.4 மீட்டர் இடைவெளியில் இருந்து, ஒவ்வொரு முனைக்கும் 3.1 மீட்டர் கூரை வந்தால், குவிசுமை ஏறத்தாழ 12 கிலோ நியூட்டன். 1.2 மீட்டர் ஜன்னலின் நடுவுக்கு நேர்மேலே, லிண்டலிலிருந்து 0.6 மீட்டர் உயரத்தில் அது ஊன்றுவதாகக் கொள்வோம். நல்ல கட்டில் சுமை கிடைமட்டத்துக்கு 60 பாகைச் சாய்வில் விரிந்து 0.69 மீட்டர் அகலத்தில் லிண்டலில் விழும்; 1.31 மீட்டர் ஸ்பானுக்கு மொமென்ட், 1.5 காரணி இல்லாமல், 2.9. விரிவை நம்பாமல் புள்ளிச்சுமையாகவே கொண்டால் 3.9. தளர்ந்த பழஞ்சுவரில் பின்னதையே எடுக்க வேண்டும். டிரஸ்ஸின் காலடியில் ஒரு கான்கிரீட் படுகை போட்டால் சுமை விரிவது உறுதிப்படும். பனியும் மழையும் மாறிமாறிப் படும் வெளிச்சுவர் என்பதால் கவர் 30 மி.மீ., கான்கிரீட் எம்25 என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

பழைய சுவரில் புதிதாக ஜன்னல் திறப்பவர்கள் முதலில் சுவரை உடைத்துவிட்டுப் பிறகு லிண்டலைப் பற்றி யோசிக்கக் கூடாது. திறக்கப்போகும் இடத்துக்கு மேலே சுவரைத் துளைத்து, இரும்பு உத்தரங்களைக் குறுக்கே செலுத்தி, உள்ளேயும் வெளியேயும் கெட்டியான தரையில் முட்டுக் கொடுத்து, கூரையின் டிரஸ்ஸுக்கும் தனியே முட்டு வைத்த பிறகே கல்லைப் பிடுங்க வேண்டும். லிண்டல் போட்டு இறுகியபின் அதற்கும் மேற்சுவருக்கும் இடையே உள்ள சந்தில் உலர்ந்த சிமெண்ட் சாந்தை இறுக்கி அடைத்து, அது கெட்டியானதும் முட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும்.